திஸ்ரத்தில் மாட்டிய டிராம்போன்

பிக் பேண்ட் ஜாஸ் என்பது சுமார் பதினேழு பேர் கோட்டு மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, குளிரூட்டிய நடனக் கூடத்தில் வாசிப்பதற்காக உண்டான இசை. அதை இருநூறு பள்ளிப் பிள்ளைகள், டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில், தார் இளகும் வாகன நிறுத்தத்தில், எட்டுக் காலடிக்கு ஐந்து கஜம் என்ற கணக்கில் நடந்துகொண்டே வாசிக்கலாமே என்று முதன்முதலில் யோசித்தவரை நான் ஒருமுறை சந்திக்க வேண்டும். அவரிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உட்கார்ந்தால் என்ன ஐயா?

ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் வீடு வாங்கியபோது நாங்கள் எல்லாவற்றையும் விசாரித்துத்தான் வாங்கினோம். பள்ளியின் தரம் எப்படி, வெள்ளம் ஏறுமா, கோயில் எத்தனை நிமிடம், இந்தியன் கடை எத்தனை நிமிடம். பேண்டைப் பற்றி மட்டும் விசாரிக்கவில்லை. டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி மார்ச்சிங் பேண்ட் என்பது பொழுதுபோக்கு அல்ல, குடியுரிமை மாதிரி. ஒருமுறை வாங்கிவிட்டால் குடும்பத்தோடு கடமையாற்ற வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆறாம் வகுப்பில் என் மகளின் உதட்டைப் பார்த்த ஓர் ஆசிரியர், "இது டிராம்போனுக்கான உதடு" என்றார். "நம்ம வீட்டுப் பொண்ணு உதட்டப் பாத்து இவர் என்ன சொல்றது?" என்று என் மனைவி காரில் வரும் வழியெல்லாம் பொருமினாள். அதற்குள் காரின் பின் இருக்கையில், எங்கள் மகளைவிட நீளமான ஒரு பெட்டி ஏறி உட்கார்ந்துவிட்டது.

இது நடந்தது அவள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது. கோடையின் முடிவில் பள்ளி உணவுக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பேண்ட் டைரக்டர், வெயிலில் வெந்து சிவந்த நல்ல மனிதர், இந்த வருட ஷோ பிக் பேண்ட் நடனக் கூடம் என்று அறிவித்தார். அவர் இளமையில் டிரம் கோர் ஒன்றில் டிரம்பெட் வாசித்தவர். டிரம் கோர் என்றால் என்ன என்பதை எங்களைப் போன்றவர்களுக்காக விளக்கினார். பித்தளை வாத்தியமும் முரசும் மட்டுமே கொண்ட இளைஞர் படை. கோடை முழுக்கப் பேருந்தில் நாட்டைச் சுற்றுவார்கள். பள்ளிகளின் உடற்பயிற்சிக் கூடத் தரையில் படுத்துக்கொள்வார்கள். பகலெல்லாம் வெயிலில் ஒரே பத்து நிமிட ஷோவைத் திரும்பத் திரும்பப் பயில்வார்கள். அதற்கு அவர்களே கட்டணமும் கட்டுவார்கள். நம் ஊரில் இதை ஆசிரமம் என்போம்.

ஆரம்பத்தில் அந்தப் படைகள் பட்டாளத்துப் பாட்டுகளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தனவாம். பிறகு யாருடைய கண்ணோ பிக் பேண்டின் மேல் விழுந்தது. அதில் டிரம்பெட்காரர்கள் முறை வைத்து எழுந்து நின்று அலறுகிறார்கள். டிராம்போன்காரர்கள் எல்லோரும் சேர்ந்து குழாயை நீட்டுகிறார்கள். ஒரு வரிசை கேள்வி கேட்டால் இன்னொரு வரிசை பதில் சொல்கிறது. அலறுவதற்கே பிறந்த பித்தளைப் படைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மைதானத்தில் அதை வாசித்ததும் பார்வையாளர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். டிரம் கோர் செய்வதைப் பள்ளி பேண்டுகள் பார்த்துச் செய்யும். அப்படித்தான் அந்த இசை நாற்காலியிலிருந்து எழுந்து, நடந்து, கடைசியில் எங்கள் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது.

"காலு பட்டாளத்துல இருக்கணும், வாத்தியம் டான்ஸ் ஹால்ல இருக்கணும்" என்று டைரக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். "ரெண்டுக்கும் அறிமுகமே இருக்கக் கூடாது." அதாவது கால்கள், டிக் டிக் என்று தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவி மாதிரி சமமாக விழ வேண்டும், அதே நேரத்தில் கையிலிருக்கும் வாத்தியம் ஸ்விங் ஆக வேண்டும். ஸ்விங் என்றால் சுரங்கள் சமமாக வராமல், ஒன்று கொஞ்சம் நீண்டு, அடுத்தது கொஞ்சம் குறுகி, ஊஞ்சல் போல வருவது.

நான் கையைத் தூக்கினேன். "ஒரு அடியை மூன்றாகப் பிரிக்கிறீர்களா?"

"எழுதும்போது மூன்று என்று எழுதுவதுண்டு," என்றார் அவர். "வாசிக்கும்போது எண்ண ஆரம்பித்தால் கதை முடிந்தது."

நான் முதல் வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

இங்கே என் யோக்கியதையைச் சொல்லிவிட வேண்டும். மேற்கு மாம்பலத்தில் இரண்டரை வருடம் மிருதங்கம் கற்றவன் நான். மூன்றாம் வருடம் வாத்தியார் என் அப்பாவைக் கூப்பிட்டு, "பையனுக்குக் கணக்கு ரொம்ப நன்னா வரது. வாசிப்புதான் வரலை. இஞ்சினியரிங் சேத்துடுங்கோ" என்றார். அப்பா சேர்த்தார். இப்போது ஹூஸ்டனில், எண்ணெய்க் குழாய்கள் எப்படி அதிரும், எப்போது விரிசல் விடும் என்று கணக்குப் போடுவது என் உத்தியோகம். இருந்தாலும் கச்சேரிகளில் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவோர் என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். பாடகர் தடுமாறினாலும் நாங்கள் தடுமாற மாட்டோம். தனி ஆவர்த்தனத்தின் முடிவில் மிருதங்கக்காரருக்கு முன்பாகவே எங்கள் முகத்தில் வெற்றிப் புன்னகை வந்துவிடும். ஹூஸ்டன் வட்டாரத்தில் அந்த இனத்தின் முன்னணிப் பிரதிநிதி அடியேன்தான்.

அந்த ஷோவில் டிராம்போனுக்குத் தனியாக ஒரு பகுதி இருந்தது. மேடை மேல் ஒருவர் மட்டும் நின்று, பின்னால் மெல்லிய டிரம்மும் ட்யூபா என்ற பெரிய பித்தளைக் குழலும் துணை வர, பதினாறு வரிசைச் சுரங்கள் (ஒரு வரிசைக்கு நாலு அடி, அவர்கள் 'பார்' என்பார்கள்). அது என் மகளுக்கு வேண்டும். வேண்டும் என்றால், அவள் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள், அந்த அளவுக்கு வேண்டும். ஒருநாள் மட்டும் வாயைத் திறந்தாள். "அஞ்சு வருஷமா பின் வரிசைப்பா. என் முன்னாடி நிக்கறவங்க முதுகுதான் எனக்குத் தெரியும். ஒரு தடவை என் முன்னாடி யாருமே இல்லாம நிக்கணும்." (அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம். தமிழில் எழுதும்போது மரியாதை கொஞ்சம் கூடிவிடுகிறது. வாசகர்கள் அதைக் கழித்துக்கொள்ளவும்.)

அந்தப் பகுதி யாருக்கு என்று முடிவு செய்யும் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவளுக்கு ஸ்விங் பிடிபடவில்லை. அறைக்குள்ளிருந்து ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. என் கை தொடைக்குப் போனது. கதவைத் தட்டினேன்.

"இது ரொம்ப சிம்பிள்மா. திஸ்ர நடை, அடிக்கு மூணு. த-கி-ட, த-கி-ட. நடுவுல இருக்கற 'கி'ய மட்டும் முழுங்கிடு. த... ட, த... ட. அவ்வளவுதான் ஸ்விங்."

"டைரக்டர் கௌண்ட் பண்ணாதேன்னு சொன்னார்ப்பா."

"கௌண்ட் பண்ணத் தெரியாதவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

இதில் சோகம் என்னவென்றால், முதல் அரைமணி நேரம் அது வேலை செய்தது. அதுவரை தள்ளாடிக்கொண்டிருந்த வரி நிமிர்ந்து நின்றது. மகள் என்னை வியந்து பார்த்தாள். பதினாறு வயதுப் பெண் அப்பாவை வியந்து பார்ப்பது எவ்வளவு அரிதான நிகழ்ச்சி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் நாலு நடையைச் சொல்லிக் கொடுத்திருப்பேன். மனைவி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.

தேர்வில் டைரக்டர் சொன்னாராம்: "சரியான சுரம், சரியான நேரம். அதுதான் பிரச்சினை." ஆனாலும் அவளுக்கே கொடுத்தார், ஏனென்றால் அவள் ஊதினால் மைதானத்தின் எதிர்ப்பக்கம் வரை குழைவாகப் போய்ச் சேரும், அந்த ஒலி வேறு யாரிடமும் இல்லை. ஒரு நிபந்தனை: முதல் போட்டிக்குள் அது ஸ்விங் ஆக வேண்டும். இல்லையென்றால் அந்தப் பதினாறு வரிசையும் டிரம்பெட் வாசிக்கும் ஒரு சீனியர் பையனுக்குப் போய்விடும். அவன் ஏற்கனவே அதை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, பார்க்கும்போதெல்லாம் அவளிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தான்.

பிரச்சினை என்று ஒன்று வந்தால் என்னைப் போன்றவர்கள் அளக்க ஆரம்பித்துவிடுவோம். அலுவலகத்தில் வால்வுகளின் துடிப்பைப் பதிவு செய்யும் ஒரு மென்பொருள் உண்டு. மகள் வாசிப்பதை போனில் பதிந்து அதில் போட்டேன். ஒவ்வொரு சுரமும் எந்த நொடியில் ஆரம்பிக்கிறது என்று கோடு கோடாக வந்தது. "மூணாவது பார்ல ரெண்டாவது நோட்டு லேட்டு. அஞ்சாவதுல சீக்கிரம்" என்று தினமும் அறிக்கை கொடுத்தேன். வீட்டு வாசலில், காருக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில், மெட்ரோனோமுக்குக் கால் வைத்து நடந்தபடி அவள் திருத்திக்கொண்டே வந்தாள். பத்து நாளில் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் துல்லியமாக வந்துவிட்டது. என் சர்வீஸில் எந்த வால்வும் இவ்வளவு ஒழுங்காகத் துடித்ததில்லை. அந்த வரைபடத்தை அச்சிட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

டைரக்டர் முழுசாகக் கேட்டாராம். பிறகு, "தையல் மெஷின் மாதிரி இருக்கு. உனக்கு என்ன ஆச்சு?" என்றாராம்.

அன்று மாலை மகள் வந்து ஃப்ரிட்ஜிலிருந்து காகிதத்தைப் பிய்த்தாள். "உங்க த-கி-ட என் தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குப்பா. ஸ்லைடு குழாய இழுக்கறப்ப நடுவுல அந்த 'கி' கேக்குது. அத எடுங்க."

"எப்படிம்மா எடுக்கறது?"

"ஐ டோன்ட் நோ. நீங்கதான வச்சீங்க?"

அடுப்படியிலிருந்து என் மனைவி, "தையல் மெஷின்னா அவர் இவள மட்டுமா சொன்னார்?" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஓட்டுநர் வேலை மட்டும். காலைப் பயிற்சிக்குப் போகும்போது பழைய பிக் பேண்ட் பதிவுகளைக் காரில் போட்டுக்கொண்டே வருவாள். வாசிக்க மாட்டாள், கண்ணை மூடிக் கேட்பாள். நானும் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் கேட்டேன். மூன்றாம் நாள் தாங்கவில்லை.

"இவங்க எல்லாரும் லேட்டா வராங்களேம்மா?"

"அதான்ப்பா."

"எல்லாருமா லேட்டு?"

"சேர்ந்து லேட்டு. ஒரே அளவு லேட்டு. யாரும் யாருக்கும் சொல்லல."

இது எனக்கு உடனே புரிந்திருக்க வேண்டிய விஷயம். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஆறு மணி விழா என்று அழைப்பிதழ் வரும். முந்நூறு பேர் ஏழேகாலுக்கு வந்து இறங்குவார்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை. ஆனால் கார்க் கதவுகள் எல்லாம் ஒரே சமயத்தில் திறக்கும். அதில் ஓர் அழகும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆறு மணிக்கே போய், பூட்டிய கூடத்தின் வாசலில், கையில் பொங்கல் பாத்திரத்தோடு நிற்கும் ஒரே மனிதன் நான். ஸ்விங் எனக்கு எப்படிப் புரியும்?

போட்டிக்கு எட்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை, பள்ளிக் கால்பந்து ஆட்டம். இடைவேளையில் பேண்ட் தன் ஷோவை முதன்முதலாக ஊருக்குக் காட்டும். மேடையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பிக் பேண்ட் மேடை போலவே மூன்று படி, முன்பக்கம் பளபளக்கும் பலகை, அடியில் சக்கரங்கள். மைதானத்துக்குள் தள்ளிக்கொண்டு போவது பேண்ட் அப்பாக்களின் வேலை. கட்டியவர் கீழக்கரைக்காரர் ஒருவர். கேட்டியில் தரை ஓடு, கம்பளம் விற்கும் கடை வைத்திருப்பவர். அவர் மகன் ட்யூபா வாசிக்கிறான். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். மேடை எவ்வளவு எடை தாங்கும் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்தபோது புரட்டிப் பார்த்தார். "என்ன சார், பதினோரு பக்கம்? ஆறு புள்ளைங்க நிக்கப் போகுது. யானையா நிக்கப் போவுது?" என்று காகிதத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டுக் கண்ணளவிலேயே கட்டி முடித்தார்.

அன்று மேடை தள்ளும் முறை எனக்கு இல்லை. மனைவியோடு பார்வையாளர் வரிசையில், வேறெங்கே, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் நம் ஆட்கள்தான். தமிழ், தெலுங்கு, குஜராத்தி, கையில் நாச்சோஸ்.

மகள் மூன்றாம் படியில் தனியாக ஏறி நின்றாள். அவளுக்கு முன்னால் யாருமே இல்லை. டிராம்போனைத் தூக்கினாள். முதல் சுரம் வந்தது. தாமதமாக வந்தது. இரண்டாவதும் தாமதம். நான்கு வரிசை போயிற்று, எல்லாமே அடிக்குக் கொஞ்சம் பின்னால். குழந்தை தவறுகிறாள். இத்தனை பேர் முன்னால் தவறுகிறாள். அவளுக்கு அடி எங்கே என்று யாராவது காட்ட வேண்டாமா?

காட்டினேன். சத்தமாக, ஆதி தாளத்தில்.

என் மனைவி, "ஐயோ, கைய எடுங்க" என்றாள். அதற்குள் பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். தாளத்தில் சந்தேகமே இல்லாத ஒருவனைக் கண்டால் மக்கள் பின்னால் வந்துவிடுகிறார்கள். அரசியலிலும் இப்படித்தான் நடக்கிறது. இரண்டு வரிசை ஆட்கள் தட்டினார்கள். பிறகு பத்து வரிசை. ஜாஸில் கை தட்டினால் இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் தட்ட வேண்டுமாம். ஆதி தாளத்தில் தட்டு விழுவது ஒன்றிலும் ஐந்திலும் ஏழிலும். அதாவது எங்கெல்லாம் தட்டக் கூடாதோ அங்கெல்லாம் நான் தட்டினேன், தட்ட வேண்டிய இடங்களில் விரலை எண்ணினேன், கையை வீசினேன். போதாக்குறைக்கு, நாங்கள் தட்டும் சத்தம் மைதானத்தைப் போய்ச் சேர நேரமாகும். டிரம் வாசித்த பையன் முதலில் எங்களைப் பார்த்தான், பிறகு மகளைப் பார்த்தான், பிறகு எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டான். ஆயிரம் பேர் அல்லவா? அவள் ஒருத்திதானே.

எட்டாவது வரிசை வருவதற்குள் என் மகள் முழுசாகத் தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். மிகச் சரியான த-ட, த-ட. முடிந்ததும் நான்தான் உரக்கக் கத்தினேன், "சபாஷ்!"

திங்கட்கிழமை எல்லாப் பெற்றோருக்கும் மின்னஞ்சல் வந்தது. பிள்ளைகள் வாசிக்கும்போது தாளத்துக்குக் கை தட்ட வேண்டாம், அது அவர்களைக் குழப்பும், யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. அந்த மின்னஞ்சலை எனக்கு மட்டும் பதினான்கு பேர் தனித்தனியாக அனுப்பி வைத்தார்கள்.

டைரக்டர் மகளிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "முதல் நாலு வரிசை இருந்தது. அதுக்கப்புறம் நீ கூட்டத்தோட போயிட்ட. சனிக்கிழமை போட்டியில அந்தப் பதினாறும் எனக்கு வேணும். இல்லைன்னா டிரம்பெட்" என்றார். இதை மனைவி மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். மகள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். காரில் பாட்டு மட்டும் ஓடியது. ஒருமுறை நான், "சாரிம்மா. நீ தப்பு பண்றேன்னு நெனச்சேன்" என்றேன்.

"நான் தப்பு பண்ணலப்பா. அதுதான் கரெக்டா இருந்துச்சு." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்களுக்குத் தெரியலன்னா பரவால்ல. சும்மா இருந்திருக்கலாம்."

சும்மா இருப்பது என்பதை எங்கள் குடும்பத்தில் யாரும் கற்றதில்லை.

சனிக்கிழமை மதியம், அரைமணி நேரத் தொலைவில் வேறொரு மைதானம். என் வழுக்கையைச் சுடும் நல்ல வெயில், கொஞ்சம் காற்று. நான் டிக்கெட் வாங்கப் போனபோது பாய் குறுக்கே வந்து நின்றார்.

"சார், நீங்க இன்னைக்கு மேல ஒக்கார வேணாம். மேடைக்குப் பின்னாடி ஆள் வேணும். காத்து அடிக்குதுல்ல, ரெண்டு பேரு குந்திப் புடிச்சுக்கணும். ரூல்ஸ்ல இருக்கு, பாதுகாப்புக்கு ரெண்டு பெரியவங்க நிக்கலாம்னு."

எனக்குப் பெருமையாக இருந்தது. பதினோரு பக்கம் வீண் போகவில்லை. "எவ்வளவு காத்துன்னு பாத்தீங்களா பாய்? ஒரு கணக்கு..."

"புடிங்க சார். ரெண்டு கையாலயும் புடிங்க. ஒரு கைய எடுத்தாலும் சாஞ்சிடும்."

மேடையைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினோம். மற்ற அப்பாக்கள் ஓடிப்போனார்கள். பாயும் நானும் பின்பலகைக்குப் பின்னால் குந்தினோம். முட்டி வலித்தது. ஷோ ஆரம்பித்தது. பின்னாலிருந்து பேண்டைக் கேட்பது கல்யாண வீட்டைச் சமையற்கட்டிலிருந்து பார்ப்பது போல. எல்லாம் தெரிகிறது, எதுவும் அலங்காரமாக இல்லை. இருநூறு ஜோடிக் கால்கள் புல்லில் ஒன்றாக விழுகிற சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம். யாரோ ஒரு பிள்ளை, "லெஃப்ட், லெஃப்ட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போகிறது. டிரம்பெட்காரர்கள் ஒரே சமயத்தில் வாத்தியத்தை மேலே தூக்கி அலறியபோது, எனக்கே எழுந்து நின்று ஆட வேண்டும் போல இருந்தது. இதை நடந்துகொண்டே வாசிக்கலாம் என்று யோசித்த அந்த முதல் ஆள் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

அப்போதுதான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். நான்கு சக்கரங்களிலும் பூட்டு விழுந்திருந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் ஒரு மணல் மூட்டை.

"பாய்," என்றேன் கிசுகிசுப்பாக. "இது எங்கயும் போகாது."

"போகாது சார்."

"அப்ப நான் எதுக்குப் புடிச்சுக்கிட்டிருக்கேன்?"

பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஒரு கையைக்கூட மேடையில் வைத்திருக்கவில்லை என்பதையும் கவனித்தேன். "பாப்பா வந்து சொல்லுச்சு சார். 'அங்கிள், எங்க அப்பா கைக்கு ஒரு வேல குடுங்க'ன்னுச்சு. நான் என்ன செய்ய?"

அதற்குள் தலைக்கு மேலே படி கிரீச்சிட்டது. மகள் ஏறிவிட்டாள். பலகை இடுக்கு வழியாக அவள் குதிகால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன, ஒரு முழ தூரத்தில். டிரம் மெல்ல ஆரம்பித்தது. இடது குதிகால் அடிக்குச் சரியாக ஏறி இறங்கியது. நான் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிடித்தே ஆக வேண்டும் என்று இப்போது எனக்கும் தோன்றியது.

முதல் சுரம் தாமதமாக வந்தது. விட்டுவிட்டேன். இரண்டாவதும். குதிகால் சமமாக இறங்கிக்கொண்டிருக்க, மேலே டிராம்போன் அவசரமே இல்லாமல் பின்னால் வந்தது; ஏழேகாலுக்கு வந்தாலும் பந்தியில் இலை இருக்கும் என்று தெரிந்தவர்களின் நடை. ஐந்தாவது வரிசையில் ஒரு சுரத்தைப் பிடித்து, குழாயை மெதுவாக வெளியே இழுத்து, கீழே சரியவிட்டாள். அது எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளுக்குள் எண்ணிப் பார்த்தேன். எட்டு வர வேண்டிய இடத்தில் ஏழு வந்தது. பிறகு ஆறு வந்தது. எண்ணுவதை விட்டுவிட்டு ஒன்று, அதாவது முதல் அடி, எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. எத்தனையோ கச்சேரியில் உட்கார்ந்தவன், அம்மா மேல் ஆணை, தொலைந்துபோனேன். கை இரண்டும் சும்மா இருந்திருந்தாலும் எங்கே தட்டுவது என்று தெரிந்திருக்காது. குதிகாலுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அது ஒருமுறைகூடத் தப்பவில்லை.

பதினாறாவது முடிந்தது. மொத்த பேண்டும் அவள் மேல் வந்து விழுந்தது. எங்கோ மிக உயரத்திலிருந்து கை தட்டல் கேட்டது. யாரும் தாளத்துக்குத் தட்டவில்லை.

"சார், ஒக்காருங்க" என்று பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தபோதுதான் நான் எழுந்து நின்றிருப்பது எனக்குத் தெரிந்தது.

பேருந்துக்குப் பக்கத்தில் டைரக்டர் மகளிடம், "சீசன் முழுக்க உன்னுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் டிராம்போன் பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தாள். நான் கிட்டே போய், "எனக்கு ஒண்ணு எங்கன்னே தெரியலம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பாட்டிலை மூடினாள். "ரியலி?"

"பாதியிலேயே விட்டுட்டேன்."

அவள் முகத்தில் வந்தது வியப்பு இல்லை, வேறொன்று. பரிசு வாங்கியவள் முகம். தோழியை நோக்கி ஓடினாள், "எங்கப்பா கௌண்ட் விட்டுட்டாராம்!" என்று கத்திக்கொண்டே. மனைவி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். "மேலேருந்து எல்லாம் தெரிஞ்சுது" என்றாள். என்ன தெரிந்தது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே காரை நோக்கி நடந்தாள்.

நடுவர்கள் மதிப்பெண் போடும்போதே ஒரு கருவியில் பேசிக்கொண்டே போவார்கள். அந்தப் பதிவு பிறகு டைரக்டருக்கு வரும். அவர் அதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவார். திங்கட்கிழமை வகுப்பில் போட்டாராம். டிராம்போன் வரும் இடத்தில் நடுவரின் குரல், "ஆ, அருமை, பின்னாலேயே இரு, அவசரமே வேண்டாம், இந்தப் பெண்ணுக்கு அடி எங்கே என்று தெரிகிறது" என்கிறது. கொஞ்சம் நிறுத்தி, "அவள் காலுக்குப் பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலை ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தெரியவில்லை" என்கிறது.

வகுப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்றாம். பிறகு டைரக்டர், அந்தத் தலை யாருடையது என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருக்கிறார்.

என் மகள், "தெரியாது சார்" என்றாளாம்.